ஒரே பூசை, ஒரே பெயர்ப்பட்டியல்

(கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆயர் ஆண்டகை அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அழைத்ததும் தட்டாமல் வந்த விகாராதிபதி அவர்களே, பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத் தாய்மாரே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிமாரே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் வேளையில் வந்து ஏசலாம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புளித்திருக்கும். என்ன செய்ய, நாம் இன்னும் தமிழ்ப் பூசை, சிங்களப் பூசை என்று இரண்டுபட்டுத்தானே கிடக்கிறோம்!

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஆதிச் சபை போரை எப்படிப் பார்த்தது, அகுஸ்தீனார் வழிவந்த 'நீதியான போர்' என்பது என்ன, 1963இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அமைதிக்காக எழுதிய சுற்றுமடல் என்ன கேட்டது.

முதலாவது. கி.பி. 295, மார்ச் 12. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெபெஸ்ஸா. உரோமைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மாக்சிமிலியன், 21 வயதுப் பிள்ளை, முன்னே நிற்கிறான். "பெயர் என்ன?" என்கிறார் ஆளுநர் தியோன். "என் பெயர் எதற்கு? நான் கிறிஸ்தவன், பட்டாளத்தில் சேர முடியாது." ஆளுநர் விடுவாரா? "உயரத்தை அளவுங்கள்!" ஐந்தடி பத்து அங்குலம். "முத்திரையை மாட்டுங்கள்!" கழுத்தில் மாட்டும் ஈய முத்திரை அது. "மாட்டினால் உடைத்துப்போடுவேன், என்னிடம் கிறிஸ்துவின் முத்திரை ஏற்கெனவே இருக்கிறது" என்கிறான். "பேரரசரின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே?" "தங்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும்." பாருங்கள், மற்றவனைப் பழிக்கவில்லை! மரண தண்டனை. அப்புறம் தகப்பனைப் பார்த்துச் சொன்னானாம்: பட்டாளத்துக்கென்று எனக்கு எடுத்த புது உடுப்பை இந்தச் சேவகனுக்குக் கொடுத்துவிடுங்கள். யார் அந்தச் சேவகன்? அவன் தலையை வெட்டப்போகிறவன்!

சரி, நம் கதைக்கு வருவோம். உள்நாட்டுப் போர்க்காலம், 1995 ஜூலை 9, யாழ்ப்பாணத்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த சனங்கள்மேல் விமானப்படைக் குண்டு விழுந்தது. அவர்களுக்காகக் கொழும்பில் ஒரு சிங்களப் பூசையிலாவது மன்றாடி நான் கேட்டதில்லை. தெற்கிலிருந்து போய்ச் செத்த ஏழைச் சிப்பாய்க்காக நம் தமிழ்ப் பூசையிலும் கேட்டதில்லை. தமிழ்ப் பூசை முடிந்து நாம் இறங்க, சிங்களப் பூசைக்கு அவர்கள் ஏற, படிக்கட்டில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் உறவு. கூத்தாடிக்கு இதைவிட என்ன வேண்டும்? 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது யாரையும் மொழி கேட்டா கொன்றது?

ஆகவே கேட்கிறேன். நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில், ஒவ்வொரு பங்கிலும் இரு மொழியிலும் ஒரே பூசை. அந்தந்தக் குடும்பங்கள் எழுதித் தரும் பெயர்கள், எந்தப் பக்கத்தில் செத்தவராயினும், ஒரே பட்டியலில் வாசிக்கப்பட வேண்டும்.

தலைவர் மணியடித்துவிட்டார், அகுஸ்தீனாரும் பாப்பரசரும் அடுத்த கூட்டம்வரை பொறுத்துக்கொள்வார்கள். இந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்திடும் படிவம் தேநீர் மேசையில் இருக்கிறது. ஆயர் ஆண்டகை முதல் கையெழுத்தைப் போட்டால் மற்றவர்கள் தானாக வரிசையில் நிற்பார்கள் என்று, அவர் காதில் விழும்படியே சொல்லிவைக்கிறேன்.