குதுப்மினார் தலையிலிருந்து இறங்கிய ஒரு வார்த்தை

குரல் கேட்கிறதா? கிளிகள் விடாமல் கத்துகின்றன, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டெல்லி குதுப்மினார் வளாகத்தில் நிற்கிறேன். எல்லாரும் அண்ணாந்து மினாரைப் படம் எடுக்கிறார்கள். நாம் கேமராவைக் கீழே திருப்புவோம். புல்தரையில் தனியாக நிற்கிறதே, தூண் வைத்த குட்டி மண்டபம், இதன் பெயர் 'ஸ்மித்ஸ் ஃபாலி'. ஜாலி மாதிரி சொல்லுங்கள், ஃபாலி.

1803இல் வந்த நிலநடுக்கத்தில் மினாரின் உச்சிக் குவிமாடம் விழுந்துவிட்டது. செப்பனிடும் வேலை ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளருக்குப் போனது. செப்பனிட்டதோடு மனுஷன் நிறுத்தியிருக்கலாம். 1828இல் தன் சொந்தக் கற்பனையில் இந்த மண்டபத்தைக் கட்டி உச்சியில் ஏற்றிவிட்டார். இப்போது மினாரையும் பாருங்கள், இதையும் பாருங்கள். பட்டு வேட்டி கட்டி ஹெல்மெட் போட்ட மாதிரி இருந்திருக்காது? 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் இறக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தரைவாசம்தான்.

சரி, ஏன் ஃபாலி? ஸ்மித் முட்டாள் இல்லை. தொழில் தெரிந்தவர். தொழில் தெரிந்தவர் எடுத்த தப்பான முடிவு என்பதால்தான் இந்தச் சொல் பொருந்துகிறது. ஃபூல் என்றால் ஆள். ஃபாலி என்றால் அந்த ஆள் செய்த காரியம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: லத்தீனில் 'ஃபோலிஸ்', கொல்லன் பட்டறைத் துருத்தி. உள்ளே வெறும் காற்று!

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம், அலுவலகத்தை நொய்டாவுக்கு மாற்றலாம் என்றார் மேலதிகாரி. நான் மெயிலில் 'யூ ஆர் ஃபூலிஷ்' என்கிற மாதிரி எழுதிவிட்டேன். மூன்று நாள் டீ குடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. 'இட் வுட் பி ஃபாலி டு ஷிஃப்ட் இன் மார்ச்' என்று எழுதியிருந்தால் அடி திட்டத்தின் மேல் விழுந்திருக்கும், அவர் மேல் விழுந்திருக்காது. கவனியுங்கள், அங்கே ஃபாலிக்கு முன்னால் 'எ' போடவில்லை.

தமிழில் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு, பேதைமை. திருக்குறளின் 84ஆவது அதிகாரம். கெடுதலைக் கையில் பிடித்துக்கொண்டு லாபத்தைக் கைநழுவ விடுவதுதான் பேதைமை என்கிறார் வள்ளுவர். ஜி.யு.போப் ஆங்கிலத்தில் அந்த அதிகாரத்துக்கு வைத்த தலைப்பே 'ஃபாலி'தான். நம் வீட்டுப் பிள்ளைகள் குறளை மனப்பாடம் செய்து பரிசு வாங்குகிறார்கள், இந்த ஒரு முடிச்சை யாரும் அவிழ்த்துக் காட்டுவதில்லை.

'எ ஃபாலி' என்று 'எ' சேர்த்தால் வேறு ஒரு பொருளும் வரும்: அழகுக்காக மட்டும் கட்டிய, உபயோகமில்லாத கட்டடம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமான்கள் தோட்டங்களில் பொய்யான இடிபாடுகளைக்கூடக் காசு கொடுத்துக் கட்டினார்கள். ஆக, ஸ்மித்துக்கு இரண்டு பொருளும் பொருந்துகிறது, பாவம்.

பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் 'மெட்காஃப்ஸ் ஃபாலி' என்று இன்னொன்று இருக்கிறது. இப்போதே நடக்கலாம்தான். ஆனால் ஜூன் மாத மத்தியானம், கறுப்புச் சட்டை, பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இட் வுட் பி ஃபாலி. சாயங்காலம் போகலாம்.