ஒரே நாள்ல உலகம் பூரா குரோம்காஸ்ட் படுத்துடுச்சு! டிவி பாக்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

[திரையில்: 2025 மார்ச் 9]

ஞாயித்துக்கிழமை. டிவியில ஏதாவது பாக்கலாம்னு ஜனங்க போனை எடுத்து வீடியோவ டிவியில ஓட வைக்கற காஸ்ட் பட்டனை அழுத்துறாங்க. படம் வரல, அதுக்கு பதிலா "இந்தக் கருவியை நம்ப முடியாது"ங்கற அர்த்தத்துல ஒரு மெசேஜ் வருது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுன குரோம்காஸ்ட், அதாவது டிவில சொருகி நெட் வீடியோ பாக்குற கூகுளோட சின்ன ஸ்டிக், யாரும் கீழ போடல, தண்ணி படல, வைஃபைலயும் ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா நாடு நாடா, ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் ஸ்பீக்கர்ல பாட்டு கேக்குறதுக்கான குரோம்காஸ்ட் ஆடியோவும் ஒண்ணு சேந்து வேலைய நிறுத்திடுச்சு.

ஏன்னு சொல்றேன், ஆனா அது புரியணும்னா இந்த ஸ்டிக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். வணக்கம் மக்களே, வாங்க போலாம்.

பழைய கதைய வேகமா முடிச்சிடுவோம். 2007ல ஆப்பிள் டிவி, 299 டாலர், உள்ள 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஏன்னா அப்போ படத்தை வாங்கி உள்ள சேத்து வச்சுதான் பாக்கணும். 2008ல ரோகு, இது நெட்பிளிக்ஸ் தன்னோட ஆபீஸ்குள்ளயே செஞ்ச பெட்டி, கடைக்கு வர கொஞ்ச நாளுக்கு முன்னாடி அப்போ நெட்பிளிக்ஸ் தலைவரா இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் நிறுத்திட்டாரு, நாமளே பெட்டி வித்தா மத்த கம்பெனிக்காரங்க அவங்க பெட்டியில நம்மள விட மாட்டாங்கன்னு யோசிச்சு ரோகுங்கற கம்பெனி கையில கொடுத்துட்டாங்க. 2013 ஜூலைல கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டை இறக்குச்சு. அடுத்த வருஷம் அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் 39 டாலருக்கு, அது நம்ம இந்தியாவுக்கு 2017ல 3,999 ரூபாய்க்கு வந்துச்சு. அவ்வளவுதான்.

இப்போ எனக்கு ரொம்ப புடிச்ச விஷயத்துக்கு வரேன். நீங்க போன்ல யூடியூப் ஓப்பன் பண்ணி காஸ்ட் அழுத்துறீங்கல்ல, அந்த வீடியோ போன்ல இருந்து டிவிக்கு போகுதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. போகல! உங்க போன் வழியா வீடியோ ஒரு துளி கூட போகல. மளிகைக் கடைக்கு சீட்டு மட்டும் எழுதி கொடுத்து ஆள் அனுப்புற மாதிரி, போன் "இந்த ஆப், இந்த வீடியோ நம்பர், இத்தனையாவது நிமிஷத்துல இருந்து"ன்னு ஒரு சின்ன சீட்டு கொடுக்குது, ஸ்டிக் அதை வாங்கிட்டு தானே நேரா இன்டர்நெட்ல போய் வீடியோவ எடுத்துட்டு வருது. அதனாலதான் காஸ்ட் பண்ணதுக்கப்புறம் போன்ல அம்மாகிட்ட பேசுனாலும், போனையே ஆஃப் பண்ணாலும் டிவியில படம் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்.

ஸ்கிரீன் மிரரிங் வேற மக்களே, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அதுல போன்தான் தன்னோட ஸ்கிரீன செகண்டுக்கு செகண்ட் வீடியோவா மாத்தி அனுப்புது, பேட்டரி மடமடன்னு இறங்கும், வாட்ஸ்அப் மெசேஜ் வந்தா அது டிவிலயும் தெரியும்.

ஸ்டிக் வீடியோவ எடுக்கறதும் ஒரே ஃபைலா எடுக்காது. படம் சில செகண்ட் நீளத்துல துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கும், ஒவ்வொரு துண்டும் பல குவாலிட்டில இருக்கும், முந்தின துண்டு எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு பாத்துட்டு அடுத்ததை எந்த குவாலிட்டில கேக்கலாம்னு ஸ்டிக்கே முடிவு பண்ணும். படம் திடீர்னு மங்கலாகி அப்புறம் பளிச்சுன்னு ஆகுறது இதனாலதான். அந்தத் துண்டும் எப்பவும் அமெரிக்கால இருந்தே வர்றதில்ல, நெட்பிளிக்ஸ் தன்னோட சர்வர் பெட்டிங்கள உங்க இன்டர்நெட் கம்பெனிக்காரங்க இடத்துலயே கொண்டு போய் வச்சிருக்கு, கூட்டம் இல்லாத நேரத்துல படங்கள அதுல நிரப்பி வச்சிடுது, சாயங்காலம் நீங்க பிளே அழுத்தும்போது படம் ஏற்கெனவே பக்கத்துல வந்து காத்துட்டு இருக்கு. எவ்வளவு அழகான வேலை பாருங்க.

சரி, மார்ச் 9.

அந்த சீட்டை கொடுக்கறதுக்கு முன்னாடி போன் ஒரு கேள்வி கேக்கும், "நீ நிஜமாவே அங்கீகாரம் வாங்குன கருவிதானா, காட்டு". ஒவ்வொரு குரோம்காஸ்ட்டுக்குள்ளயும் செய்யும்போதே ஒரு டிஜிட்டல் சான்றிதழ் பதிஞ்சு அனுப்புறாங்க, அதை எடுத்து காட்டும். போன் அதோட விடாது, இதுக்கு யார் கையெழுத்து போட்டது, அவங்களுக்கு யார் போட்டதுன்னு மேல மேல போய் சரிபாக்கும். அப்படி நடுவுல இருந்த ஒரு சான்றிதழ் 2015 மார்ச்ல போட்டது, பத்து வருஷம்தான் செல்லும்னு தேதி குறிச்சது. அந்தத் தேதி வந்துடுச்சு! பழுதாகல, யாரும் ஹேக் பண்ணல, ஒரு தேதி முடிஞ்சுது, அவ்வளவுதான்.

இதுல பாவம் யாருன்னா, சரியாகிடும்னு நம்பி ஃபேக்டரி ரீசெட் அடிச்சவங்க. ரீசெட் பண்ணா முதல்ல இருந்து செட்டப் பண்ணணும், செட்டப்லயும் அதே சான்றிதழ் கேள்வி வரும், திருப்பி மாட்டிக்குவாங்க. ரீசெட் பண்ணாதீங்கன்னு கூகுளே கேட்டுக்கிச்சு, அப்புறம் சில நாள்ல அப்டேட் அனுப்பி சரி பண்ணாங்க. அதுக்கு முந்தின வருஷமே, அதாவது 2024 ஆகஸ்ட்ல, குரோம்காஸ்ட் தயாரிப்பையே நிறுத்துறோம்னு அறிவிச்சிருந்தாங்க, மொத்தம் 10 கோடிக்கு மேல வித்த பொருள் அது. நிறுத்தின பொருளுக்கும் அப்டேட் கொடுத்தாங்க, அதை நான் மனசார பாராட்டுறேன். ஆனா எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்னு அட்டைப்பெட்டி மேலயே அச்சடிக்கணும்ங்கறதுல நான் உறுதியா இருக்கேன், காசு கொடுத்து வாங்குறவங்களுக்கு அதைத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு.

நெட்பிளிக்ஸ் வேற 2025 கடைசில, ரிமோட் வச்ச பெரும்பாலான டிவிக்கும் ஸ்டிக்குக்கும் போன்ல இருந்து காஸ்ட் பண்றதையே எடுத்துடுச்சு, டிவியோட ரிமோட்லயே பாத்துக்கோங்கன்னு. பெட்டி உங்க வீட்லதான் இருக்கு, சாவி பாதி அவங்க கையில இருக்கு.

அதனாலதான் ஆன்லைன்ல ஒரு பாக்ஸ் பாத்துட்டு "8 ஜிபி ரேம், 128 ஜிபி, 8கே, விலை கம்மி, வாங்கலாமா"ன்னு கேக்கறவங்ககிட்ட நான் ஜிபிய விட்ருங்க, வைட்வைன் எல்1 இருக்கான்னு பாருங்கன்னு சொல்றேன். வைட்வைன்ங்கறது படத்தை திருட்டுத்தனமா காப்பி எடுக்காம இருக்க கூகுள் வச்சிருக்க பூட்டு. எல்1ன்னா அந்தப் பூட்டைத் திறக்கற வேலை சிப்புக்குள்ள தனியா பாதுகாப்பான இடத்துல நடக்குது. எல்3ன்னா வெறும் சாஃப்ட்வேர்ல நடக்குது, அதை நம்பி எச்டி தர மாட்டாங்க. பாக்ஸ் மேல 8கேன்னு பெருசா ஒட்டியிருக்கும், உங்க டிவி 4கே, நீங்க கட்டுற பிளானும் 4கே, ஆனா நெட்பிளிக்ஸ் வர்றது பழைய டிவிடி தரத்துல. டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு ஆப் இருக்கு, போட்டு பாத்தா எல்1ஆ எல்3ஆன்னு அதுவே சொல்லிடும்.

வாங்கறதுக்கு முன்னாடியே கண்டுபுடிக்கணுமா, ரிமோட்டைப் பாருங்க. மவுஸ் மாதிரி அம்புக்குறிய நகத்துறதுக்குன்னு ஒரு பட்டன் இருந்தா சந்தேகப்படுங்க. டிவிக்குன்னு செஞ்ச ஆண்ட்ராய்டு உள்ள இல்லாம போன், டேப்லெட்டுக்கான ஆண்ட்ராய்ட தூக்கி வச்சிருப்பாங்க, அதான் அம்புக்குறி தேவைப்படுது.

படத் தரம் போனா கூட பரவால்ல, 2025 ஜூன்ல அமெரிக்காவோட புலனாய்வு அமைப்பு எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை விட்டாங்க, பேட்பாக்ஸ் 2.0ங்கற வைரஸ் வலையைப் பத்தி. பேர் தெரியாத சில பாக்ஸ்ல வைரஸ் நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே உள்ள இருக்கு, இல்லன்னா முதல் தடவை செட்டப் பண்ணும்போது கேக்கற ஆப் வழியா உள்ள வருது. வந்துட்டு உங்க வீட்டு இன்டர்நெட்டை வேற எவனோ வாடகைக்கு விடுறான், எங்கயோ இருக்கவன் பண்ற மோசடி உங்க வீட்டு இன்டர்நெட் முகவரில இருந்து போற மாதிரி தெரியும். எல்லா சேனலும் எல்லா ஓடிடியும் இலவசம்னு விக்கறது, செட்டப்ல பிளே ப்ரொடெக்ட்ட, அதாவது கெட்ட ஆப்பைப் புடிக்கற கூகுளோட காவலை, ஆஃப் பண்ணச் சொல்றது, இந்த ரெண்டும் எஃப்பிஐயே சொன்ன அடையாளம். வீட்ல பெரியவங்களுக்கு யாராவது அப்படி ஒண்ணு வாங்கிக் கொடுத்திருந்தா, தயவுசெஞ்சு இன்னைக்கே கழட்டிடுங்க.

ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்னா, கூகுள்கிட்ட அங்கீகாரம் வாங்குன கம்பெனிங்க லிஸ்ட் ஆண்ட்ராய்டு டிவி தளத்துல இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க.

கடைசியா ஒண்ணு, கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி, "ஸ்டிக் தானா ரீஸ்டார்ட் ஆகுது ப்ரோ". டிவியோட யூஎஸ்பில பவர் எடுக்கறீங்களா? சாதாரண யூஎஸ்பி போர்ட் அரை ஆம்பியர் தரும், ஃபயர் ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வேணும். கூட வந்த அடாப்டரை எடுத்து சுவத்துல இருக்க பிளக்ல சொருகுங்க. நிறைய பேருக்கு அதுலயே சரியாகிடும். ஆகலன்னா மாடல் பேரையும், எல்1ஆ எல்3ஆங்கறதையும் கமெண்ட்ல போடுங்க, நான் பாத்து பதில் சொல்றேன்.