மங்களத்திடம் குட்டி கேட்காதீர்கள்!

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு வத்தக்குழம்பு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். குழம்பு எங்கும் ஓடிப்போகாது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது இருக்கிற கோபத்தில் வைத்தால் உப்புக் கூடிவிடும்.

காலையில் லிஃப்டில் மூன்றாம் மாடி மாமா கேட்கிறார்: "லேப்ரடார்தானே, நல்ல ஜாதி. ஒரே ஒரு தடவை குட்டி போட விடுங்களேன், எங்களுக்கு ஒன்று வேண்டும்." என் நாய் மங்களம் என் காலோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறாள், இவர் குட்டிக்குத் துண்டு போடுகிறார்! போன வீடியோவின் கீழேயும் இதே கேள்விதான்.

புதிதாக வந்தவர்களுக்கு: மங்களம் ஒரு பிரீடரிடம், அதாவது நாய்களைக் குட்டி போட வைத்து விற்பவரிடம், கூண்டிலேயே கிடந்தவள். குட்டி போடுவது குறைந்ததும் வேண்டாதவளாகிவிட்டாள். மீட்புக் குழுவினர் எடுத்து வந்தார்கள். வயது என்ன என்று கேட்டிருந்தீர்கள். நாய்க்குப் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். இவளுக்கோ கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. அதனால் டாக்டர் "ஆறு, ஏழு இருக்கலாம்" என்று இழுத்தார். முழங்கையில் ரோமமே இல்லை, காய்ப்புக் காய்த்துக் கறுத்திருக்கிறது. கம்பி வலைமேல் நின்று நின்று விரல்கள் அகன்றுவிட்டன. மடி தொங்குகிறது. மாமா கண்ணுக்கு இது எதுவும் படவில்லை, ஜாதி மட்டும் பட்டது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் மத்திய அரசு விதிகளே கொண்டுவந்தது. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட வைக்கப் பெண் நாய்க்கு 18 மாதம் நிறைய வேண்டும், வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து முறைதான், எட்டு வயதுக்குப் பிறகு கூடவே கூடாது. ஆனால் நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், சுமப்பதோ சுமார் 63 நாள், வருடத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போட வைத்துவிடலாம். யாரும் எட்டிப் பார்க்காத கொட்டகையில் எண்ணிக்கையை யார் வைத்திருக்கிறார்கள்?

சரி, மிதியடிக் கதைக்கு வருவோம். "போதும் அக்கா" என்று எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மங்களம் டைல்ஸில் கால் வைக்க மாட்டாள் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி யோகா பாய் வாங்கினேன், 899 ரூபாய். அது தரையோடு வழுக்கிக்கொண்டு போனது, அவள் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். 899 ரூபாய்! இப்போது அதன்மேல் அம்மா வடாம் காயவைக்கிறார். கடைசியில் கைகொடுத்தது தெருமுனைக் கடைத் தேங்காய் நார் மிதியடி. ஒன்று 150 என்றார், 120க்குப் பேசி முடித்தேன். எட்டு வேண்டும் என்றதும், "கல்யாண மண்டபத்துக்காம்மா?" என்று கேட்டார். அறையிலிருந்து பால்கனி வரை வரிசையாகப் போட்டேன். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவித் தாவிப் போகிறாள். நேற்று வேகவைத்த கோழித் துண்டு ஒன்று மிதியடிக்கு வெளியே விழுந்தது. பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முன்னங்காலை டைல்ஸில் வைத்தாள்! இதோ, இந்த இடத்தை மெதுவாக ஓட்டுகிறேன், பாருங்கள். இன்னொரு தடவை ஓட்டுகிறேன்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். கருத்தடை செய்தாகிவிட்டது. இந்த வயதுப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மடியில் இருந்த சிறு கட்டியையும் அதே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். ஆகவே மாமா, குட்டிப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மீட்புக் குழுவினர் தத்துக் கொடுக்கக் காசு வாங்கினார்களா என்று கேட்டவர்களுக்கு: ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கே வந்து பால்கனிக் கம்பி இடைவெளியைக்கூட அளந்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அம்மாவுக்கு இன்னமும் கடுப்பு. எனக்குப் பிடித்திருந்தது. நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் எடுக்கப் போனால், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை, குட்டிதான் வாங்குவேன் என்பவர்கள் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயை மட்டுமல்ல, அது படுக்கிற இடத்தையும். "தாய் ஊரில் இருக்கிறது" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது.

இப்போது மிச்சமிருக்கிற தலைவலி மிக்ஸி. குக்கர் விசிலுக்குப் பழகிவிட்டாள், மிக்ஸியைப் போட்டால் மட்டும் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. சட்னி அரைக்கும்போதெல்லாம் அம்மா அவளை மாடிக்குக் கூட்டிப் போகிறார். உங்கள் வீட்டு நாய் எப்படிப் பழகியது என்று எழுதுங்கள். அம்மிக்கு மாறச் சொல்லி மட்டும் யாரும் எழுத வேண்டாம், அரைப்பது நான்.