155 நாள் பயணத்தில் பறந்தது எத்தனை நாள்?

(திரையில் உலக வரைபடம். பெல்ஜியத்தில் ஒரு புள்ளி மினுக்குகிறது.)

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தூரம் 52,000 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 208 மணி நேரம் வருகிறது. நிற்காமல் பறந்தால் ஒன்பது நாள்கூட ஆகாது.

ஆனால் ஸாரா ரதர்ஃபோர்ட் என்ற 19 வயதுப் பெண் தனியாக உலகைச் சுற்றி முடிக்க 155 நாள் ஆனது. 2021 ஆகஸ்ட் 18 அன்று பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் நகரில் இருந்து கிளம்பியபோது, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம். அப்படியானால் மிச்ச நாளெல்லாம் எங்கே போனது?

(விமானத்தின் படம்.)

இதுதான் ஷார்க். ஸ்லோவாக்கியாவில் தயாராகும் அல்ட்ராலைட். நம் ஊர் ஆல்டோ காரைவிட எடை குறைவு. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. நீண்ட கடல்களைத் தாண்ட வேண்டுமே, அதனால் பின் இருக்கை இருந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டேங்க்.

விமானம் நல்ல வேகம்தான். சிக்கல் வேறு இடத்தில். கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் இதை ஓட்ட வேண்டும். இரவில் பறக்கக் கூடாது, மேகத்துக்குள் நுழையக் கூடாது. பயணிகள் விமானம் கருவிகளை நம்பி மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். இங்கே மேகத்துக்குள் போனால் சுற்றிலும் வெள்ளை. தொடுவானம் தெரியாதபோது, சமநிலையை உணரும் நம் உட்காது பொய் சொல்லும்; விமானம் சாய்ந்துகொண்டே போகும், நமக்கோ நேராகப் போவதாகத் தோன்றும். குளிர்ப் பிரதேசம் என்றால் இன்னும் மோசம். இறக்கையில் பனி படியும், எடை கூடும், இறக்கையின் வடிவம் மாறும், தூக்கிப் பிடிக்கும் விசை போய்விடும்.

ஆக, வானம் தெளியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அலாஸ்காவின் நோம் நகரில் ஒரு மாதம் அப்படித்தான் போனது. வானிலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாமதத்தில் ரஷ்ய விசா காலாவதியாகிவிட்டது. புது விசா வருவதற்குள் குளிர்காலமே வந்துவிட்டது. பெரிங் நீரிணையைத் தாண்டி சைபீரியாவுக்குள் போனால், ஓகோட்ஸ்க் கடலோரத்தில் அயான் என்ற கிராமம். அங்கே மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்பு. தரையிலேயே மைனஸ் 35 டிகிரி வரை குளிர். வழி நெடுக, கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆள் நடமாட்டம் கிடையாது. எஞ்சின் இருப்பதோ ஒன்றே ஒன்று.

(வரைபடம்: விளாடிவோஸ்டாக், சியோல்.)

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. விளாடிவோஸ்டாக்கில் இருந்து சியோல் போக வேண்டும், நடுவில் வட கொரியா. அதன் வான்வெளியைச் சுற்றிக் கடல்மேல் போகும்போது எதிரே மேகம். ஒரு மூலையைக் குறுக்கே வெட்டிப் போய்விடலாமா என்று தன் குழுவிடம் கேட்கிறார். வேண்டவே வேண்டாம் என்று பதில். தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் இந்தோனேசியா. இடிமழையால் கேதாபாங்கில் இறங்கினார். அது சர்வதேச விமான நிலையம் இல்லை, ஊருக்குள் போக அனுமதி கிடையாது. இரண்டு இரவு நிலையத்துக்குள்ளேயே தூக்கம். கொழும்பு வழியாக நம் கோயம்புத்தூரிலும் இறங்கி, மும்பைக்குப் போனார்.

இந்தோனேசியாவில் ஜம்பி, கொலம்பியாவில் துமாகோ. பூமி உருண்டையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருக்கும் இடங்கள். உலகைச் சுற்றியதாகக் கின்னஸ் ஒப்புக்கொள்ள, இப்படி ஒரு ஜோடியைத் தொட்டாக வேண்டும். வட துருவத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வர முடியாது.

கடைசியில் கிரீட் தீவிலும் மழை விடவில்லை. ஒருவழியாக 2022 ஜனவரி 20 அன்று கோர்ட்ரெய்க்கில் சக்கரம் தரையைத் தொட்டது. தனியாக உலகைச் சுற்றிய மிக இளம் பெண் என்ற சாதனை 30 வயதில் இருந்து 19க்கு இறங்கியது.

இரண்டே மாதத்தில் தம்பி மேக் கிளம்பினார். அதே ஷார்க் வகை விமானம்தான், வேறு பாதை. பல்கேரியாவின் சோஃபியாவில் இருந்து மார்ச் 23 அன்று புறப்பட்டு, ஆகஸ்ட் 24 அன்று அங்கேயே வந்து இறங்கினார்.

எண்ணிப் பார்த்தேன். 154 நாள்.