பேசுகிற பணத்துக்குப் பெயர் வேண்டும்: மொன்டானாவின் கதை

வணக்கம் நண்பர்களே. 2024 நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒரே ஓர் இடத்துக்குத் தேர்தல் நடந்தது. அங்கே மொத்த மக்கள்தொகையே 11 லட்சம் சொச்சம்தான். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர். இந்த ஓர் இடத்துக்காக இரு கட்சிகளும், அவற்றுக்குப் பின்னால் நின்ற அமைப்புகளும் இறைத்த பணம் 25 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பாருங்கள், ஒரு வாக்குக்கு 400 டாலரைத் தாண்டுகிறது. வாக்காளர் கையில் ஒரு சென்ட் கூட விழவில்லை. எல்லாம் தொலைக்காட்சி விளம்பரமாகவும் தபால் அட்டையாகவும் கைபேசித் தொல்லையாகவும் கரைந்தது. பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜான் டெஸ்டர் தோற்றார், குடியரசுக் கட்சியின் டிம் ஷீஹி வென்றார்.

ஏற்றத்தாழ்வு, பேச்சுரிமை, அரசின் வெளிப்படைத்தன்மை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பேசலாம் என்றுதான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். மூன்றும் ஒரே முடிச்சில் சிக்கிக் கிடக்கும் மாநிலம் கையில் இருக்கும்போது எதற்காகப் பிரிக்க வேண்டும்? அதனால் இன்று முழுக்க மொன்டானாதான்.

கதை செம்பில் தொடங்குகிறது. பியூட் என்ற மலைநகரத்தின் சுரங்கங்களில் கோடீஸ்வரர் ஆனவர்களைத் தாமிர ராஜாக்கள் என்று அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் கிளார்க். அவருக்குச் செனட்டர் ஆக வேண்டும் என்று தீராத ஆசை. அந்தக் காலத்தில் செனட்டரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. சட்டமன்றத்தில் இருப்பவர்கள் சில பத்துப் பேர். விலைக்கு வாங்க வசதியான எண்ணிக்கை.

1899 ஜனவரியில் ஃபிரெட் வைட்சைட் என்ற உறுப்பினர் தலைநகர் ஹெலினாவில் எல்லோர் முன்னிலையிலும் 30,000 டாலரை எடுத்து வைத்தார். எல்லாம் ஆயிரம் டாலர் நோட்டுகள். கிளார்க்குக்கு வாக்களிக்க இந்தப் பணம் தரப்பட்டது என்றார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? வேறொரு காரணம் காட்டி வைட்சைடின் பதவியைப் பறித்தார்கள். அதே மாதம் கிளார்க்கைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள்! நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

வாஷிங்டனில் செனட் குழு விசாரித்து, இந்தத் தேர்தல் செல்லாது என்றது. 1900 மே மாதம், வெளியேற்றப்படுவதற்கு முன்பே கிளார்க் தாமாகப் பதவி விலகினார். அப்போது மொன்டானா ஆளுநர் மாநிலத்தில் இல்லை. துணை ஆளுநர் கிளார்க்கின் ஆதரவாளர். காலியான அந்த இடத்துக்கு அவர் யாரை நியமித்தார் என்று ஊகியுங்கள். கிளார்க்கையேதான்! திரும்பி வந்த ஆளுநர் அதை ரத்து செய்தார். ஆனாலும் மறுவருடமே சட்டமன்றம் கிளார்க்கை மீண்டும் தேர்ந்தெடுத்தது. 1907 வரை செனட்டில் இருந்தார். லாஸ் வேகாஸ் நகரம் அமைந்திருக்கும் கிளார்க் கவுன்டி இன்றும் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

தனிமனிதரின் பேராசை இது. இதைவிட மோசமானது நிறுவனத்தின் ஆட்சி. 1903-இல் அமால்கமேட்டட் காப்பர் நிறுவனத்துக்கு ஒரு நீதிபதியின் தீர்ப்பு பிடிக்கவில்லை. உடனே மாநிலமெங்கும் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் மூடிவிட்டது. குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையின்றி நின்றார்கள். நிபந்தனை ஒன்றுதான்: சட்டமன்றத்தைக் கூட்டு, வழக்கில் நீதிபதியை மாற்றிக்கொள்ள வழி செய்யும் சட்டத்தை நிறைவேற்று. ஆளுநர் பணிந்தார். சட்டமும் வந்தது.

பேச்சுரிமை எங்கே என்று கேட்பீர்கள். அந்த நிறுவனமே பின்னாளில் அனகோண்டா என்ற பெயரில் மாநிலத்தின் முக்கிய நாளிதழ்களில் பெரும்பாலானவற்றைக் கையில் வைத்திருந்தது. 1959-இல்தான் அவற்றை விற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு சுரங்க நிறுவனம் விரும்பிய செய்தியைத்தான் பெரும்பாலான மக்கள் காலையில் படித்தார்கள். யாருடைய வாயையும் அரசு அடைக்கவில்லை. சட்டப்படி எல்லோருக்கும் முழுப் பேச்சுரிமை இருந்தது. அச்சகம் மட்டும் ஒருவரிடம் இருந்தது. தாமிரக் கழுத்துப்பட்டை மாட்டிய மாநிலம் என்று மொன்டானாக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1912-இல் மக்களே வாக்கெடுப்பு மூலம், நிறுவனங்கள் தேர்தலில் பணம் செலவழிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். 1972-இல் புதிய அரசமைப்பை எழுதினார்கள். அதை எழுதிய 100 பிரதிநிதிகளும் கட்சி வாரியாக உட்காராமல் பெயரின் அகரவரிசைப்படி உட்கார்ந்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. அரசின் ஆவணங்களைப் பார்க்கவும், பொது அமைப்புகள் கூடிப் பேசுவதை நேரில் கவனிக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று அந்த அரசமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

இப்போது 2010-க்கு வருவோம். சிட்டிசன்ஸ் யுனைடெட் என்ற பழமைவாத அமைப்பு தொடுத்த வழக்கு. ஹிலரி கிளின்டனை எதிர்த்து எடுத்த ஒரு படத்தை, வேட்பாளர் தேர்வுக் காலத்தில் காட்டலாமா என்பதுதான் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், வேட்பாளரோடு சேராமல் தனியாகத் தேர்தலுக்குச் செலவழிப்பது பேச்சுரிமையின் பகுதி, நிறுவனங்களுக்கும் அது உண்டு என்றது. இதில் பணக்காரர்களின் சதி மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இடதுசாரிகள் மதிக்கும் ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பும் அந்தப் பக்கம்தான் நின்றது. முதல் விசாரணையில் நீதிபதிகள் அரசு வழக்கறிஞரைக் கேட்டார்கள்: இந்தத் தர்க்கத்தின்படி ஒரு நிறுவனம் வெளியிடும் தேர்தல் புத்தகத்தையும் தடை செய்யலாமா? செய்யலாம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அதே தீர்ப்பின் இன்னொரு பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். செலவழிக்கலாம், ஆனால் யார் செலவழிக்கிறார்கள் என்று வெளியே சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தலாம் என்று 9 நீதிபதிகளில் 8 பேர் ஒப்புக்கொண்டார்கள். இணையம் வந்துவிட்டது, விவரங்கள் உடனுக்குடன் மக்களைச் சேரும் என்று நீதிபதி கென்னடி நம்பிக்கையோடு எழுதினார். அந்த நம்பிக்கைக்குச் சட்டம் போட வேண்டியது நாடாளுமன்றம். அதே ஆண்டு செப்டம்பரில் செனட்டில், பெயரை வெளியிடச் சொல்லும் மசோதாவுக்கு 59 வாக்குகள் கிடைத்தன. முட்டுக்கட்டையைத் தாண்டி மசோதாவை முன்னெடுக்கத் தேவைப்பட்டது 60.

ஓட்டை அப்படியே நின்றது. சமூக நலச் சங்கம் என்று வரித்துறையில் பதிவு செய்துகொண்டால் நன்கொடையாளர் பெயரைப் பொதுவெளியில் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கம் சூப்பர் பேக் எனப்படும் வரம்பில்லாத தேர்தல் குழுவுக்குப் பணம் கொடுக்கும். கணக்கில் சங்கத்தின் பெயர் இருக்கும், பணம் போட்ட மனிதரின் பெயர் இருக்காது. 2021-இல் பாரி சைட் என்ற தொழிலதிபர் தம் நிறுவனத்தின் பங்குகளாக 160 கோடி டாலரை ஒரு பழமைவாத அறக்கட்டளைக்குக் கொடுத்தார். மறுவருடம் பத்திரிகைகள் தோண்டி எடுத்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. இப்படிப் பெயர் மறைத்து வரும் பணத்தை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மேடையில் இருட்டுப் பணமென்று திட்டுவார்கள். 2020 தேர்தலில் பெயர் மறைத்த பணத்தில் அதிக லாபம் அடைந்தவர்கள் அவர்களேதான்.

மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கணக்குப்படி, நாட்டின் குடும்பச் சொத்தில் சுமார் 30 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து 2.5 சதவீத அளவுதான். செலவழிப்பதே பேச்சு என்றால், யாருடைய குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

மொன்டானாவுக்குத் திரும்புவோம். 2011-இல் மாநில உச்ச நீதிமன்றம் தன் 1912 சட்டத்தைத் தாமிர ராஜாக்களின் வரலாற்றைச் சொல்லியே காப்பாற்றியது. 2012 ஜூனில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல் அதை ரத்து செய்தது. நூறு ஆண்டுச் சட்டம் சில பத்திகளில் முடிந்தது.

அந்த 1912 சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த அமைப்பே தன் நன்கொடையாளர் பெயரை வெளியே சொல்லாத அமைப்பு. அதோடு தொடர்புடைய கோப்புப் பெட்டிகள் கொலராடோவில் போதைப்பொருள் புழங்கிய ஒரு வீட்டில் கிடைத்தன. மொன்டானா வேட்பாளர்களின் பெயர் எழுதிய கோப்புகள்! திரைக்கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். மாநிலத் தேர்தல் ஒழுங்கு ஆணையர் அவற்றைப் பயன்படுத்தி வழக்குகள் தொடுத்தார். 2016-இல் ஆர்ட் விட்டிச் என்ற குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர், நிறுவனங்களின் உதவியைக் கணக்கில் காட்டாமல் பெற்றார் என்று ஹெலினாவில் ஜூரி தீர்ப்பளித்தது. அபராதம் 68,232 டாலர்.

இதற்கிடையே 2015-இல் மொன்டானா தனக்கென வெளிப்படுத்தல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் குடியரசுக் கட்சிக்காரர், கையெழுத்திட்ட ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர். அது மாநிலத் தேர்தல்களுக்கு மட்டும் பொருந்தும். செனட் தேர்தல் தேசியச் சட்டத்தின் கீழ் வருவது. 2024-இல் அந்தப் பண வெள்ளம் எப்படிப் புகுந்தது என்பதற்கு இதுவே பதில்.

பெயரை வெளியிடச் சொல்வதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. 1950-களில் அலபாமா அரசு, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும், வீடு எரிந்திருக்கும். 1958-இல் உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டாம் என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் என்ஏஏசிபி உறுப்பினரையும், 160 கோடி டாலர் கொடுத்தவரையும் ஒரே போர்வையால் மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கே கோடு போடுவது என்பதற்கு அரிசோனா ஒரு விடை வைத்திருக்கிறது. 2022-இல் அங்கே மக்கள் 72 சதவீத ஆதரவோடு கொண்டுவந்த சட்டப்படி, தேர்தல் விளம்பரத்துக்குப் பெருந்தொகை செலவழிக்கும் அமைப்புகள், 5,000 டாலருக்கு மேல் தந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். இடையில் எத்தனை சங்கங்கள் கைமாற்றினாலும், பணம் முதலில் யாருடையது என்று சொல்ல வேண்டும்.

மொன்டானாவில் 2025-இல் ஜெஃப் மாங்கன் என்ற முன்னாள் தேர்தல் ஒழுங்கு ஆணையர் வேறு வழியை முன்வைத்தார். நிறுவனம் என்பதைப் படைப்பதே மாநிலச் சட்டம்தானே, படைக்கும்போதே தேர்தலில் செலவழிக்கும் அதிகாரத்தைத் தராமல் விட்டுவிட்டால் என்ன என்கிறார். கெட்டிக்கார யோசனை. வாஷிங்டன் நீதிமன்றத்தில் தாக்குப்பிடிக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அப்படியே நின்றாலும் அது நிறுவனங்களைத்தான் கட்டும். சொந்தப் பையிலிருந்து கொட்டும் கோடீஸ்வரரைத் தொடாது. உங்களில் அமெரிக்க நிறுவனச் சட்டம் படித்தவர்கள் இருந்தால் இந்த யோசனையைப் பற்றி எழுதுங்கள், அடுத்த காணொளியில் அதை வைத்தே பேசுவோம்.