நறநறவென்று ஒரு காலை ஓட்டம்

வணக்கம் நேயர்களே. பனிக்காலத்தில் காட்டுக்குள் ஓடுவதைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். இதை வானொலியில் பேசக் கிடைத்ததில் எனக்கு நிறையச் சந்தோஷம். ஏனென்றால் பனியில் ஓடுவதை நான் காதால்தான் கற்றுக்கொண்டேன்.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா அடுத்த வளவு மாதிரி. காடும் வயலும் ஆறுமாக 79 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை, வருடம் முழுக்கத் திறந்திருக்கும். கோடையில் எங்கள் தமிழ்ச் சனம் குடும்பம் குடும்பமாக வரும். மார்கழி பிறந்தால் தெரிந்த முகம் ஒன்றையும் காணக் கிடைக்காது. நான் ஓடுவது அங்குள்ள மாஸ்ட் ட்ரெயிலில். ஒரு வழிக்கு 2.2 கிலோமீற்றர். இருநூறு வருடங்களுக்கு முன் கப்பல்களின் பாய்மரத்துக்காக மரம் வெட்டிக் கொண்டுபோன வழி அது. மாஸ்ட் என்றால் பாய்மரம், பெயரும் அப்படி வந்ததுதான். ஏற்றமும் இறக்கமும் வேரும் கல்லுமான பாதை. கோடையில் அரை மணித்தியாலத்துக்குள் போய்த் திரும்புகிற தூரத்துக்குப் பனியில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிவிடுவேன். பனியில் வேகத்தைப் பார்த்து ஓடக் கூடாது, நேரத்தைப் பார்த்து ஓடவேண்டும்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஸ்னோ கிடையாது. ஆனால் அதன் சத்தங்களுக்குத் தேவையான சொற்கள் தமிழில் அப்படியே இருக்கின்றன. குளிர் மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் காலடியில் பனி 'நறநற' என்னும். பனித்துகள்கள் உலர்ந்து இறுகி, ஒன்றோடொன்று உரசி உடைகிற சத்தம் அது. அந்த நாளில் கால் நன்றாகப் பிடிக்கும், பயமில்லாமல் ஓடலாம். பூச்சியத்தை நெருங்கினால் துகள்களுக்கிடையே ஈரம் வந்துவிடும். அப்போது 'சதக் சதக்'. சப்பாத்துக்குக் கீழே பனி உருண்டு ஒட்டும், காலுறை நனையும். ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருந்தால் மேலே ஒரு தோல் பிடித்திருக்கும். மிதித்தால் அப்பளம் மாதிரி 'மொறுமொறு' என்று உடைந்து கால் உள்ளே போகும். அதன் விளிம்பு கணுக்காலைக் கீறிவிடும், நீளமான காலுறை வேண்டும்.

நாலாவது சத்தம் 'டக்'. பலர் நடந்து நடந்து அமுக்கிய பனி, வெயிலில் உருகி இரவில் கண்ணாடியாகிவிட்ட இடம் அது. மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு காலை, சரிவொன்றில் இருந்த மரப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவு விழுந்த புதுப்பனி மேலே பஞ்சு மாதிரி. அடியிலிருந்து 'டக்' என்று கேட்டது. கேட்டும் நான் நிற்கவில்லை. இடது மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன்.

அதற்குப் பிறகு சங்கிலிப் பற்கள் இல்லாமல் நான் காட்டுக்குள் இறங்குவதில்லை. சப்பாத்தின் மேலால் இழுத்து மாட்டுகிற ரப்பர் வார், அடியில் சங்கிலியும் சின்னச் சின்ன எஃகுப் பற்களும். மடித்தால் கைக்குள் அடங்கும். கால் உடைந்தால் வரும் செலவோடு பார்த்தால் விலை ஒன்றுமேயில்லை, தயவுசெய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் சின்ன அடியாக வையுங்கள்; செங்குத்தாக இருந்தால் நடவுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மணற்காட்டு மணல்மேட்டில் ஏறியவர்களுக்கு இது புரியும். வேகமாக உதைக்க உதைக்கக் கால் பின்னுக்குத்தான் வரும். இறக்கத்தில் முழங்காலை மடித்து உடம்பைத் தளரவிடுங்கள். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்தால் அங்கேதான் வழுக்கும்.

உடுப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்பை உறைய வைத்துவிடும். உள்ளுக்குக் கம்பளியோ சிந்தெற்றிக்கோ போடுங்கள். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிரவேண்டும், அதுதான் சரியான அளவு. காற்றோடு சேர்த்து மைனஸ் 28 போல உணர்கிற நாளில், மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறைந்து போகலாம். அந்த நாட்களில் நானும் வீட்டில்தான். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள், மேலேதான் முதலில் உறையும். கைத்தொலைபேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் பற்றரி சடாரென்று இறங்கிவிடும். மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடுவதால் காலையில் போவதே நல்லது. எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். வேலை, வீடு, கார் என்று ஐந்து மாதத்தைச் சுவருக்குள்ளேயே கழித்து, பங்குனியில் முகம் வாடி வெளியே வருகிற அண்ணன்மாரையும் அக்காமாரையும் எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பத்து வருடம் இருந்தவன். ஓடவேண்டும் என்றுகூட இல்லை, அந்தப் பாதையில் ஒரு தரம் நடந்து பாருங்கள்.

மேட்டின் மேலே ஹெம்லாக் என்கிற ஊசியிலை மரங்கள் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் கீழே நிலம் பாதி வெறுமையாக இருக்கும், சிலவேளை மான் படுத்திருந்த பள்ளம் தெரியும். அங்கே நின்று தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிடுவேன். பக்கத்தில் இளம் பீச் மரங்கள். மற்ற மரங்கள் மொட்டையாகிவிட்டாலும் அவை வெளிறிய பழுப்பு இலைகளை மாரி முழுக்க விடாமல் வைத்திருக்கும், காற்றுக்குச் சரசரக்கும். மேலே எங்கேயோ ஒரு சிக்கடிக் குருவி, தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கைப்பிடிக்குள் அடங்குகிற அந்தக் குருவி, இரவில் உடம்புச் சூட்டைப் பல பாகை குறைத்துத்தான் விடியும்வரை உயிர் பிடித்திருக்கும்.

ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது, முதுகில் வியர்வை குளிரத் தொடங்கிவிடும். தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு திரும்ப ஓடத் தொடங்குவேன். நறநற, நறநற.

நன்றி, வணக்கம்.