பழைய கணினியில் பயிற்சிப் படம் திக்கினால்

நேயர்களுக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். பயிற்சி மென்பொருள்களில் வரும் வீடியோக்கள் பழைய கணினிகளில் ஓட மறுப்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். தையல், டாலி கணக்கு, இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் போடும் முறை என்று எந்தப் பயிற்சியை எடுத்தாலும் இப்போது பாதிப் பாடம் படமாகத்தான் வருகிறது. பாடம் இந்த ஆண்டு எடுத்தது. அதை ஓட்ட வேண்டிய கணினிக்கோ வயது பன்னிரண்டு, பதின்மூன்று. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து மடிக்கணினிகள் பல இன்னும் நம் ஊர்களில் உயிரோடு இருக்கின்றன. படித்து முடித்த பிள்ளை திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட, மடிக்கணினி அம்மாவின் சுய உதவிக் குழுவுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

கடைக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "தம்பி, இது பழையதாகிவிட்டது. புதிது எவ்வளவு ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. புதிது விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனாலும் சொல்கிறேன்: பல நேரங்களில் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை மாற்றினால் போதும்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தம் சீராக வந்து, படம் மட்டும் விட்டு விட்டு நகர்கிறதா? கணினி திணறுகிறது. சத்தமும் படமும் ஒன்றாக நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறதா? அது இணைய வேகம். படத்தின் தரத்தை 480-க்கு இறக்குங்கள், அல்லது முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. சத்தம் வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால், படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது கணினிக்குப் புரியவில்லை. திரை பச்சை பூசியதுபோல் ஆனால் கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது படம் காட்டும் சில்லை இயக்கும் மென்பொருளை, சந்தேகிக்க வேண்டும்.

இதில் முதல் வகைதான் அதிகம். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1280-க்கு 720 அளவுள்ள படம், நொடிக்கு முப்பது சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். இதைச் சுருக்காமல் வைத்தால் பத்து நிமிடப் பாடத்துக்கு ஏறக்குறைய 25 ஜிபி இடம் வேண்டும். சுருக்கிய பிறகு அதே பாடம் நூறு எம்பி சொச்சத்தில் அடங்கிவிடுகிறது. ஓட்டும்போது அந்தச் சுருக்கத்தை நொடிக்கு நொடி விரித்தாக வேண்டும். அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டில் உரலும் உலக்கையும் உண்டு. தெருமுனையில் அரிசி ஆலை உண்டு. உரலில் எந்த நெல்லையும் குத்தலாம், ஆனால் கை ஓய்ந்துவிடும். ஆலை சிரமமில்லாமல் முடித்துக் கொடுக்கும், ஆனால் தனக்குப் பழகிய நெல்லை மட்டுமே வாங்கும். கணினியின் செயலிதான் உரல். கிராபிக்ஸ் சில்லுக்குள் படம் விரிப்பதற்கென்றே வைத்திருக்கும் பகுதிதான் ஆலை.

2003-இல் வந்த எச்.264 என்ற சுருக்க முறையை, 2011-இல் வெளியான இன்டெல் இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளின் ஆலை எளிதாக வாங்கிக்கொள்ளும். 2013-இல் வந்த எச்.265, அதாவது ஹெச்இவிசி, அப்படி இல்லை. இன்டெலில் அதை ஏற்கும் ஆலை 2015-இன் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. கூகுளின் விபி9 முழுமையாக ஓட ஏழாம் தலைமுறை வேண்டும். 2018-இல் வந்த ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறை. ஆகவே பழைய கணினியில் ஹெச்இவிசி படத்தைப் போட்டால், ஆலை திருப்பி அனுப்பிவிடும், உரல் இடிபடும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு, அதாவது செயலி, நூறு சதவீதத்தில் நின்றால் நடப்பது இதுதான்.

கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிகிறதே, போன வருடப் பாடமும் எம்பி4 தானே, அது ஓடியதே என்பார்கள். எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே எச்.264-உம் இருக்கலாம், ஹெச்இவிசியும் இருக்கலாம். விஎல்சி பிளேயரில் படத்தைத் திறந்து கன்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் கோடெக், அதாவது சுருக்கி விரிக்கும் முறை, பற்றிய விவரம் வரும். இரண்டில் எது என்று அங்கே எழுதியிருக்கும்.

போன வருடம் ஓடி இந்த வருடம் ஓடாததற்குப் பல இடங்களில் காரணம் கைபேசி. பயிற்சி தருபவர் புதுக் கைபேசி வாங்கியிருப்பார். ஐபோன்கள் 2017 முதல் இயல்பாகவே ஹெச்இவிசியில்தான் பதிகின்றன. ஆண்ட்ராய்டிலும் பல கைபேசிகளில் இடத்தை மிச்சப்படுத்தும் தேர்வாக அது இருக்கிறது. ஐபோனில் கேமரா அமைப்புக்குள் ஃபார்மேட்ஸ் என்பதில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், வழக்கமான பதிவுகள் எச்.264-இல் வரும்.

யூடியூப்பில் இருக்கும் பாடங்களுக்கும் இதே கதைதான். ஓடும் படத்தின் மேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறந்தால், ஏவிசி1, விபி09, ஏவி01 என்று ஏதாவது ஒன்று தெரியும். ஏவிசி1 என்றால் எச்.264. பின்னவை இரண்டும் பழைய கணினிக்குச் சுமை. எச்264ஃபை போன்ற சிறு நீட்சி ஒன்று உங்கள் உலாவிக்குக் கிடைத்துச் சேர்க்க முடிந்தால் யூடியூப் எச்.264-ஐயே அனுப்பும்.

எச்.264 படமே திக்கினால்? ஆலை பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 புதிதாக ஏற்றியவர்கள் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற வரியைப் பாருங்கள். "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், உங்கள் கிராபிக்ஸ் சில்லுக்கு உரிய டிரைவர் ஏறவே இல்லை. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை எடுத்துப் போட்டாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். பச்சைத் திரை வருபவர்கள் குரோம் அமைப்பில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் அதை அணைக்க வேண்டாம். அணைத்தால் எல்லா வேலையும் செயலியின் தலையில் விழும்.

அடுத்தது, மென்பொருளைச் செய்தவர்களே சில நேரம் விளக்கத் திணறும் ஒரு சிக்கல். பாடப் படத்தைத் தனியாக எடுத்து விஎல்சியில் போட்டால் அழகாக ஓடுகிறது. பயிற்சி மென்பொருளுக்குள் அதே படம் கறுப்பாக நிற்கிறது. "அப்படியானால் மென்பொருள்தானே கெட்டுப்போனது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடு கொண்டுவருகிறது. அவற்றை மற்ற மென்பொருள்களுக்குக் கடன் கொடுப்பதில்லை. பழைய பயிற்சி மென்பொருளோ விண்டோஸிடம் கையேந்துகிறது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் எச்.264 கோடெக் கூடவே வரவில்லை. விண்டோஸ் 7-இல்தான் வந்தது. இங்கே இன்னொரு பொறியும் உண்டு. கணினி 64 பிட் ஆக இருந்தாலும் அந்த மென்பொருள் 32 பிட் ஆக இருந்தால், அதற்கு 32 பிட் கோடெக்தான் வேண்டும். 64 பிட் கோடெக்கை எத்தனை முறை ஏற்றினாலும் அது கண்டுகொள்ளாது. லாவ் ஃபில்டர்ஸ் என்ற இலவசத் தொகுப்பு இரண்டு வகையையும் சேர்த்தே ஏற்றிவிடும். "கோடெக் பேக்" என்ற பெயரில் இணையத்தில் கண்ட இடத்தில் கிடைப்பதை எல்லாம் ஏற்றாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து ஏற்றிய கணினியில் எது எதோடு மோதுகிறது என்று பிரிப்பதை விட, விண்டோஸையே அழித்துப் போடுவது சுலபம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்புறைக்கு "நெல் பயிற்சி" என்று தமிழில் பெயர் வைத்தால் பழைய மென்பொருள்கள் சில அந்தப் படத்தைத் திறக்காது. பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளைக் காட்டி நின்றுவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு முன்பு எழுதப்பட்ட மென்பொருள்களுக்காக விண்டோஸில் மொழிவாரியாக எழுத்து அட்டவணைகள் உண்டு. தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணையே வைக்கப்படவில்லை. தமிழில் பெயர் வைப்பதில் எனக்கு விருப்பம்தான். இப்படிப்பட்ட மென்பொருளுக்கு மட்டும் ஆங்கில எழுத்திலோ எண்ணிலோ வைத்துவிடுங்கள். பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பாடத்தை டெஸ்க்டாப்பில் வைக்காமல் நேராக டி டிரைவுக்கு மாற்றுங்கள்.

ஃபிளாஷ் காலத்துப் பாடங்கள் தனி ரகம். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதற்குள் ஃபிளாஷ் பாடங்கள் ஓடாதபடி அதை வெளியிட்ட அடோபி நிறுவனமே தடுத்துவிட்டது. பழைய குறுந்தகட்டை அதனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே எஃப்எல்வி என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் விஎல்சியில் நேரடியாகப் பார்க்கலாம். தேர்வு, பயிற்சி வினா போன்றவை எஸ்டபிள்யூஎஃப் கோப்பாக இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பலவற்றை ஓட்டிக் காட்டும், எல்லாவற்றையும் அல்ல. தகடு கீறியிருந்தால் ஒரு முறை பொறுமையாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள்.

கணினியின் உடம்பையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் நன்றாக ஓடிய படம் பிறகு திக்கத் தொடங்கினால், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சம்பா அறுவடை நேரத்தில் சாலையோரக் கடைகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் உமியும் தூசியும் மின்விசிறிக்குள் மெத்தை கட்டிவிடும். திறந்து துடைத்து, செயலியின் மேல் வெப்பப் பசை புதிதாகத் தடவினால் சரியாகிவிடும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக் கணினிகளில் உப்புக் காற்றால் ரேமின் தகடுகள் கறுத்துப்போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கழற்றி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துப் போட வேண்டும். மடிக்கணினியின் சொந்த சார்ஜர் போய்விட்டதென்று வேறொன்றைச் செருகியிருந்தாலும் சில மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணையப் பாடம் எதுவுமே திறக்கவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் வருகிறது என்றால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்து, கணினி ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

இனி படத்தை மாற்றும் வழி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். இதன் இப்போதைய பதிப்புகளுக்கு விண்டோஸ் 10 தேவை; குழுவில் யாரிடமாவது புதிய கணினி ஒன்று இருந்தால் அதிலேயே மாற்றிப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். எச்.264, 720, எட்டு பிட், லெவல் 3.1, மாறாத சட்ட வேகம் என்று தேர்ந்தெடுங்கள். "ஃபாஸ்ட் டிகோட்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும். விரிக்கும் வேலை இலேசாகும். மாறாத சட்ட வேகம் எதற்கென்றால், கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப வேகத்தை மாற்றிக்கொண்டே பதிகின்றன. பழைய பிளேயர்களில் அதனால் வாயசைவும் சத்தமும் போகப் போக விலகிவிடும்.

எல்லாப் பாடத்தையும் ஒரே அளவில் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. டாலி பாடத்தில் திரை அதிகம் அசைவதில்லை, ஆனால் ஒவ்வோர் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு 720-ஐ விடாமல், சட்டத்தை நொடிக்குப் பதினைந்தாகக் குறையுங்கள். பழைய கணினிக்குப் பாதிச் சுமை இறங்கிவிடும். தையல் பாடமும் நாற்றுப் பாயைச் சுருட்டும் பாடமும் நேர்மாறானவை. விரல் எப்படித் திரும்புகிறது என்பதுதான் அங்கே பாடம். ஆகவே முப்பது சட்டத்தை வைத்துக்கொண்டு அளவை 480-க்கு இறக்கலாம். துணியின் நூல் எண்ணத் தெரியாவிட்டால் பரவாயில்லை. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒரு முறை சுருக்கியதிலிருந்து மறுபடி சுருக்கினால் படம் மங்கிக்கொண்டே போகும்.

இவ்வளவு செய்தும் தேறாத கணினிகளும் உண்டு. 2006-இல் கோர் 2 டுவோ வருவதற்கு முந்திய பென்டியம் 4 கணினிகள் 720-ஐத் தாங்க மாட்டா. ரேம் ஒரு ஜிபி மட்டுமே என்றால் உலாவியைத் திறந்ததுமே தீர்ந்துபோகும். அவற்றில் 480 அளவுப் படத்தை விஎல்சியில் தனியாக ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு குரோமின் 109-ஆம் பதிப்போடு கதவு சாத்தப்பட்டுவிட்டது. இணையப் பாடம் மட்டும் போதும் என்றால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம். விண்டோஸுக்கென்று எழுதிய பயிற்சி மென்பொருள் அதில் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாடம் தயாரிப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். குழுக்களுக்குப் பென் டிரைவ் கொடுக்கும்போது, பெரிய படத்தோடு எச்.264-இல் 480 அளவுப் பிரதி ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது; மூன்று மணி நேர வகுப்பை ஒரே கோப்பாக வைக்காமல் பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுக் கொடுங்கள். கடைசியாக, உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும் ஆகப் பழைய கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.